கொடிமரத்தடியில் பதினோரு நாள்

எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணை நான் பள்ளியை விட்டு விரட்டினேன். வேறு வார்த்தை போட்டு இதை மென்மையாகச் சொல்லலாம். அவளுடைய தகப்பனார் வந்து டி.சி. கேட்டார், நான் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லலாம். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. இருபது வருடமாகக் கேட்டவர்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் விரட்டியது நான்தான். காலை அசம்பிளியில் உறுதிமொழி சொல்லும்போது அவள் ஒரு வரியைச் சொல்லாமல் விட்டாள். அதற்காகத்தான் தண்டித்தேன் என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் அதற்காகக்கூட இல்லை.

எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. மலையாள நாட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், சைக்கிள் மிதித்தால் அரை மணியில் தமிழ்நாட்டுக்குள் போய்விடக்கூடிய ஓர் ஊரில், அரசுப் பள்ளியில் வேலை பார்த்தேன். சமூக அறிவியல் என் பாடம். கடைசி மூன்று வருடம் தலைமையாசிரியராக இருந்தேன். மலையாள வகுப்புகளும் தமிழ் வகுப்புகளும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற பள்ளி அது. எங்கள் குடும்பம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். பள்ளியிலிருந்து ஒரு மைல் தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. தம்பியும் நானும் பாகம் பிரித்துக்கொண்டாலும் ஒரே வளவில்தான் இரண்டு வீடு. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் பொது.

அசம்பிளியில் உறுதிமொழி எந்த மொழியில் என்பது எங்கள் பள்ளியில் சின்ன விஷயம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லா நாளும் மலையாளத்தில்தான் சொல்வார்கள். தமிழ்ப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். நான்தான் மனு எழுதி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, பஞ்சாயத்து மெம்பரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, செவ்வாயும் வியாழனும் தமிழில் என்று ஆக்கினேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த ஒரே பெரிய காரியம் என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமைக்குள் ஒரு பயமும் இருந்தது. மலையாள வகுப்பு மூத்த ஆசிரியர் ஒருவர் எனக்கு நல்ல நண்பர். பக்கத்து நாற்காலிக்காரர், டீயைப் பங்கு போட்டுக் குடிப்பவர். வாத்தியாரை மாஷ் என்பதும், தமிழரை ஏளனமாகப் பாண்டி என்பதும் அவர்கள் வழக்கம். அவர் செவ்வாய்க்கிழமை காலையில் தவறாமல் கேட்பார்: "மாஷே, இன்னிக்கு உங்க பாண்டி டேயா?" இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டை பேப்பரில் வருகிற நாட்களில் கேலி இன்னும் கொஞ்சம் கூர்மையாகும். "ரேஷனுக்கு இந்தப் பக்கம், சினிமாவுக்கு அந்தப் பக்கம். சண்டைன்னு வந்தா மாஷ் எந்தப் பக்கம் நிப்பீங்க?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்த் தமிழ்ப் பிள்ளைகளை இன்னும் விறைப்பாக நிற்கச் சொல்வேன். மலையாள வகுப்பை விட எங்கள் சத்தம் பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் கை தாழக் கூடாது. தேசத்தின் மீது எங்களுக்கு இருக்கும் பற்றைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. எல்லையோரத்துச் சிறுபான்மைக்காரன் செய்யக்கூடிய தவறு இது. தன் விசுவாசத்தைத் தினமும் நிரூபித்துக்கொண்டே இருப்பது, அதைத் தன் பிள்ளைகளின் வாயை வைத்து நிரூபிப்பது.

தமிழ் நாட்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஹாஜர் வரிசைப்படி ஒருவர் முன்னால் வந்து உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் முறை வந்தது.

எங்கள் தோப்புக்கு அடுத்த காலனியைச் சேர்ந்தவள். அப்பா தேங்காய் போடுவார். அம்மா எங்கள் தோப்பிலேயே வேலை செய்தாள். பிரித்த பிறகு தம்பியின் பங்கில். நல்ல மாணவி என்று சொல்லித் தூக்கிவைக்க மாட்டேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருவாள். எதிர்க்கேள்வி கேட்பாள். ஆனால் வெற்று வரைபடத்தைக் கொடுத்தால், புத்தகத்தைப் பார்க்காமல் ஆறுகளை எல்லாம் சரியான இடத்தில் தொடங்கிச் சரியான கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

அன்றைக்கு மைக் முன்னால் வந்து, இந்தியா என் நாடு என்ற முதல் வரியைச் சொன்னாள். அறுநூறு பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்கள். அடுத்தது, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள் என்ற வரி. அதை அவள் சொல்லவில்லை. நேராக மூன்றாவது வரிக்குப் போய்விட்டாள். பழக்கத்தில் பாதிப் பிள்ளைகள் இரண்டாவது வரியைச் சொன்னார்கள். மீதிப் பேர் மூன்றாவதைச் சொன்னார்கள். இரண்டும் மோதிக் குழம்பிச் சிரிப்பு கிளம்பியது. அவள் சத்தம் அடங்கும் வரை நின்றாள். பிறகு மீதி வரிகளை எல்லாம் கடைசி வரை தெளிவாகச் சொல்லி முடித்தாள்.

நண்பர் என் காதருகே குனிந்தார். "மாஷே, ஒரு வரி செக்போஸ்ட்ல மாட்டிக்கிச்சா?"

அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"வரி மறந்துபோச்சா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம்?"

"சொல்லலீங்க."

"அதான், ஏன் சொல்லலே?"

மேஜை மேலிருந்த உலக உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறேனில்ல?"

"பொய்யாட்ட இருந்துச்சுங்க சார்."

"எது பொய்யி?"

"அந்த ஒரு வரிதானுங்க. மத்ததெல்லாம் சொல்லீட்டனுங்களே. அதெல்லாம் நெசந்தானுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஞாயித்துக்கெழம உங்க தோட்டத்துத் தொட்டில..."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நான் சத்தம் போட்டேன்.

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சத்தம் போட்டேன். அந்த மாதம் காலனிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படி வராத நாட்களில் காலனிக்காரர்கள் எங்கள் தோப்புக்கு வருவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வீட்டிலிருந்து யாராவது வந்து மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்துக் குடத்தில் விடுவார்கள். தொட்டியைத் தொடக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அம்மாவுடன் வந்த அந்தப் பெண் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, தானே குடத்தைத் தொட்டிக்குள் முக்கிவிட்டாள். தம்பி மனைவி ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கித் தண்ணீரைக் கீழே கொட்டினாள். தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, தம்பி மகளைக் கூப்பிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொன்னாள்.

நான் அப்போது வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குடம் விழுந்த சத்தம் கேட்டது. தம்பி மனைவியின் குரல் கேட்டது. பிறகு தொட்டியைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

"அவளும் நானும் ஒரே வரிசைலதானுங்க நிக்கறோம்," என்றாள் அந்தப் பெண். தம்பி மகளும் அதே வகுப்பு. "தொட்டியக் கழுவுனது அவதானுங்க சார்."

கதவைச் சாத்திவிட்டு, நீ சொல்வது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது தோன்றியது வேறு. இவள் இதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? தமிழுக்காக மனு எழுதிய தலைமையாசிரியரின் வீட்டில் தொட்டியைக் கழுவினார்கள் என்று பள்ளி முழுக்கப் பேச்சாகும். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சொல்வார்? இது தேசத்தைப் பற்றிய விஷயமாக ஆகிவிட்டால் தொட்டியைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். இவ்வளவு தெளிவாக அன்று நினைத்தேனா என்றால், நினைத்தேன். வயதான பிறகு கண்டுபிடித்த விளக்கம் இல்லை இது.

மறுநாளிலிருந்து அந்த ஒரு வரியை அவள் தனியாக மைக்கில் சொல்ல வேண்டும், சொல்லும் வரைக்கும் முதல் பீரியட் முழுவதும் கொடிமரத்தடியில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

பதினோரு நாள் நின்றாள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் "வெளிநாட்டுக்காரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏழாம் நாள் மழை. குடை கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொள்ளவில்லை. குடை கொடுத்தனுப்பியதை என் இரக்கத்துக்குச் சான்றாக நெடுங்காலம் வைத்திருந்தேன். அவளை உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. தம்பி மகள் இரண்டு நாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கு வரவில்லை. நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவளுடைய அம்மா வந்தாள். தோப்பில் என்னைக் கூப்பிடுவதுபோலவே பள்ளியிலும் பண்ணாடி, அதாவது நிலத்து எசமான், என்றுதான் கூப்பிட்டாள். "பண்ணாடி, புத்தி கெட்ட புள்ளைங்க. மன்னிச்சுப்போடுங்க." மகளை என் எதிரிலேயே முதுகில் ஓர் அடி வைத்தாள். "சொல்லித் தொலையேண்டி! ஒரே ஒரு வரிதான? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறே?" அந்தப் பெண் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன். குடத்தைப் பிடுங்கியபோது அதே அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் வரவில்லை. அடுத்த வாரம் அப்பா வந்து டி.சி. கேட்டார். கொடுத்தேன். தேசிய உறுதிமொழியை மதிக்க மறுத்தவள், நடத்தை திருப்தியில்லை என்று அதிலும் பதிவேட்டிலும் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்தேன். "என்னங்க எழுதியிருக்குது?" என்று அவர் கேட்டார். "வழக்கமா எழுதறதுதான்," என்றேன்.

அதைப் பார்த்துவிட்டு இரண்டு பள்ளிகளில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது பள்ளிக்கு அவர்கள் போகவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நூல் மில்லில், ஹாஸ்டலோடு வேலை என்று கூட்டிப்போனார்கள். தம்பிதான் வந்து சொன்னான். "ஒரு தொல்ல உட்டுதுங்ணா."

ஓய்வு பெற்ற பிறகும் உறுதிமொழி என்னை விடவில்லை. பென்ஷன் வாங்குகிறவர்கள் கூடும் கூட்டங்களில், குடியரசு தினத்தில், போதைப்பொருள் எதிர்ப்பு நாளில், எதற்கெடுத்தாலும் ஒரு உறுதிமொழி உண்டு. எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பதால் நான்தான் முன்னால் நின்று சொல்லிக் கொடுப்பேன். தேசிய உறுதிமொழி என்றால் அந்த இரண்டாவது வரியை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். ஒருவரும் கவனித்ததில்லை.

பிள்ளைகள் உறுதிமொழி சொல்லவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. சொல்லிச் சொல்லி அதில் ஒரு சொல்லாவது ஒரு பிள்ளைக்குள் தங்கும் என்று நம்பித்தான் முப்பது வருடம் சொல்லவைத்தேன். இப்போதும் அந்த நம்பிக்கையை முழுதாக விட முடியவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அறுநூறு பேர் நின்றோம். அந்த வரி என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தவள் ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தது ஒரு பிள்ளைக்குள் தங்கியே விட்டது. அந்தப் பிள்ளையைத்தான் நான் வெளியே நிறுத்தினேன். சொல்ல மாட்டேன் என்று ஒருவர் நிற்க இடம் இல்லாத மைதானத்தில், சொல்கிறேன் என்று மற்றவர்கள் சொல்வதை வைத்து நான் எதைத் தெரிந்துகொண்டேன்? இதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது, அவ்வளவுதான்.

சென்ற வருடம் எங்கள் ஊர் நூலகத்து மாடியில், படிப்பை விட்ட பெரியவர்களுக்காகப் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். சமூக அறிவியல் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு, பெயர் சேர்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் கவரில் காகிதங்களோடு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண் ஒருத்தி படியேறி வந்தாள்.

"சார், நீங்களா இங்க பாடம் எடுக்கறீங்க?"

"ஆமாம்மா. நீ யாரு?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. "தப்பா வந்துட்டனுங்க," என்று கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வகுப்பை நடத்தும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. பத்தாவது தேறினால் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வயதானால் அந்த வாய்ப்பு இல்லை. தேர்வுக்குப் பழைய பள்ளியிலிருந்து பதிவேட்டு நகல் வேண்டும். "அந்த ஸ்கூல் படி மிதிக்க மாட்டேன்னு ரெண்டு வருஷமா அடம். நான்தான் பேசிப் பேசிக் கூட்டிட்டு வந்தேன் சார். என்ன ஆச்சுன்னே தெரியல, ஓடிட்டா."

மறுநாள் பள்ளிக்குப் போனேன். இப்போதைய தலைமையாசிரியை ஒரு மலையாளப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். பழைய பதிவேட்டை எடுத்து வைத்தார். என் கையெழுத்து, என் முத்திரை. அவர் இரண்டு தரம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், இது என்ன?"

சொன்னேன்.

"அவங்க ஒரு அபேக்ஷை, விண்ணப்பம், எழுதித் தரணும். அது தப்புன்னு நீங்க எழுதித் தரணும். ரெண்டையும் மேல அனுப்பி அனுமதி வாங்கினா அடிச்சுடலாம். ஆனா காரணத்தோட எழுதுங்க சார்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். முதலில் கவனக்குறைவால் என்று எழுதினேன். கிழித்தேன். தவறான புரிதலால் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது தடவைதான் தொட்டி வந்தது, தம்பி வீடு வந்தது, நான் பேப்பர் படித்தது வந்தது.

அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கஞ்சிக்கோடு போனேன். தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. "ரெண்டு மணிக்கு ஷிப்டுங்க. என்னன்னு சொல்லுங்க."

கடிதத்தைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மெதுவாகப் படித்தாள்.

"தமிழ்ல எழுதியிருக்கீங்க."

"உனக்குப் புரியணும்னுதான்."

"இங்கிலீஷ்ல எழுதுனதும் புரிஞ்சுதுங்க சார். மில்லு ஹாஸ்டல்ல வார்டன் சத்தமாப் படிச்சுக் காட்டுனாங்க. எல்லாப் புள்ளைகளுக்கும் முன்னால." மறுபடி கடிதத்தைப் பார்த்தாள். "இத யாருங்க படிப்பாங்க?"

"ஹெச்.எம். படிப்பாங்க. அப்புறம் மேல ஆபீஸ்ல."

"நான் நின்னது ஆபீஸ்லீங்களா?"

கடிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"அறுநூறு பேருக்கு முன்னால நின்னனுங்க. நீங்க பீரோவுக்குள்ள மன்னிப்புக் கேட்டா எப்படீங்க? கொடிமரத்தடீல நின்னு படிங்க. தொட்டியச் சேத்துப் படிங்க. அப்புறம் நான் அபேக்ஷ எழுதறனுங்க."

"என் தம்பி..." என்று இழுத்தேன்.

"ஆமாங்க," என்றாள், பீன்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "உங்களுக்கு உடன்பொறந்தவரு ஒருத்தருதானுங்களே. பாவம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

தலைமையாசிரியை தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். "ரெண்டே நிமிஷம் சார். குழந்தைங்களுக்குப் புரியற மாதிரி." ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொடிமரத்தடியில் நின்று அந்தக் கடிதத்தைப் படித்தேன். இப்போது முந்நூறு பிள்ளைகள்கூட இல்லை. பெரும்பாலானவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. முன் வரிசையில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கடைசியில் சொன்னேன். எந்த வரியாவது உங்களுக்கு மெய்யாகத் தோன்றவில்லை என்றால் அந்த வரிக்குச் சும்மா நில்லுங்கள், அதற்காக ஒருவரும் உங்களைத் தண்டிக்கக் கூடாது. தலைமையாசிரியை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அன்றைய முறைக்காரி வந்து உறுதிமொழியைச் சொன்னாள். இரண்டாவது வரியில் நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான். அவர்களுக்கு அது ஒரு புது விளையாட்டு.

மத்தியானமே பி.டி.ஏ. தலைவர் போன் செய்தார். "என்ன சார், வயசான காலத்துல புள்ளைகளுக்குத் தேசத்து மேல மரியாதை வேண்டாம்னு சொல்லிக் குடுத்தீங்களாமே?" தலைமையாசிரியையிடம் மேல் ஆபீஸிலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "இரண்டு நிமிஷம்னு சொன்னேன் சார்," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் தம்பி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"ஏனுங்ணா, உங்களுக்கு என்ன கொற வெச்சோம்?"

"நடந்ததைத்தான்டா சொன்னேன்."

"நடந்து இருவது வருசமாச்சுங். இப்ப காலனீல ஊட்டுக்கு ஊடு பைப்பு. கெணத்துல தண்ணியே கெடையாது. இல்லாத தண்ணிக்கு எங்கள சந்தி சிரிக்க வெச்சுட்டீங்க."

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, எனக்கு அப்ப பதிமூணு வயசு. அம்மா சொன்னா கழுவாம என்ன பண்ணுவேன்? என்னையும் சேர்த்து மைக்ல சொல்லணுமா?" பிறகு, "அந்த ரெண்டு நாளும் எனக்கு நெசமாவே வயித்து வலி," என்றாள். இந்த இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவளிடம் அதைப் பற்றி நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கஞ்சிக்கோட்டிலிருந்து போன் வந்தது.

"சார், பேப்பரு கெடச்சுதுங்க. செவப்பு மையில அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. வகுப்புல பேரு சேத்தாச்சுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

"எங்கம்மாவத் தோட்டத்துக்கு வர வேண்டாம்னுட்டாங்க, தெரியுங்களா?"

தெரியாது. ஒரே வளவில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மா இன்னும் தம்பி தோப்பில்தான் வேலை செய்கிறாள் என்பது கடிதம் எழுதும்போது என் நினைவிலேயே வரவில்லை.

"நான் தம்பிகிட்டப் பேசறேன்."

"உங்ககூட அவரு பேசறாருங்களா?"

தம்பி வீட்டுக் கதவைப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தொழிலுறப்பு, அந்த நூறு நாள் வேலைக்குப் போறாங்க. வேல இல்லாம இல்லீங்க. ஆனா முப்பது வருசம் போன எடம். காலைல எந்திரிச்சா கால் அந்தப் பக்கமே போவுதுங்குது. பாதி வழி போயிட்டுத் திரும்பி வருது." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "படிங்கன்னு சொன்னது நாந்தான். அம்மாவ நானும் நெனைக்கலீங்க. உங்க பாரம் எறங்கிருச்சு. எங்க தலைல ஒண்ணு ஏறிக்கிச்சு."

"நான் வந்து அம்மாவைப் பார்க்கட்டுமா?"

"எதுக்குங்க? நீங்க வந்தா எந்திரிச்சு நிப்பாங்க. அது வேணுங்களா உங்களுக்கு?"

"அப்ப நான் என்னதாம்மா செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதீங்க சார். ஞாயித்துக்கெழம வகுப்புக்கும் வராதீங்க. பரிட்ச முடியற வரைக்கும் எதையும் நேர் பண்ணாதீங்க."

சரி என்றேன். சமூக அறிவியலுக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். அவள் ஒரு ஞாயிறும் தவறவிடுவதில்லை, கணக்குத்தான் தகராறு என்று வகுப்பை நடத்தும் அம்மா சொன்னார். அவர் மூலமாகத்தான், இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டனுப்பினேன். பதில் அடுத்த வாரம் வந்தது. பேர் எதையும் போடாமல் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் பரிட்சைக்கு அப்புறம் கொடுங்கள், இப்போது படிக்க நேரமில்லை.